நன்றியுரை இருந்த டிஸ்க்

“…படம் வேண்டாம் தம்பி, படம் வீட்டுச் சுவரிலயே கிடக்கு. அவன் கதைச்சதுதான் வேணும்” என்றார் அன்ரி. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்.

வெள்ளவத்தையில், கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோவில் எனக்கு வேலை. அன்ரியின் மகளுக்குக் கல்யாணம் நடந்தபோது நன்றியுரை சொன்ன மகன், பிறகு டெங்குக் காய்ச்சலில் போய்விட்டான். நாங்கள் வெட்டி ஒட்டிக் கொடுத்த வீடியோவில் வழக்கம்போல அவன் பேச்சுக்கு மேல் பாட்டு ஓடுகிறது. வாய் அசைகிறது, குரல் இல்லை. குரல் இருந்தது வெட்டாத மூலத்தில்.

எங்கள் முதலாளி அண்ணை எடுத்த வீடியோ எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்குகளில் ‘நியூ ஃபோல்டர்’ என்றே போட்டுவைப்பார். ஒன்றைத் தேடினால் அத்தனை டிஸ்க்கையும் மாட்டிக் கழற்ற வேண்டும். “கடலுக்குள்ள மோதிரம் தேடுற வேலையடாப்பா” என்பார். நான் யூடியூப் பார்த்துப் பார்த்துப் படித்து ஒரு தேடுபட்டியல் செய்தேன். குடும்பம், மண்டபம், தாலிகட்டு, நன்றியுரை என்று ஒவ்வொரு துண்டுக்கும் பெயரும் ஒரு குட்டிப் படமும். டிஸ்க் அலுமாரியில் கிடந்தாலும் எதில் எது என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும்.

அண்ணைக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அடுக்கிய டிஸ்க்குகளைக் கொண்டுபோய்ச் சாமித்தட்டில் வைத்தார். “இத்தனை குடும்பத்தின்ர கல்யாணம். சாமிக்குப் பக்கத்தில இருக்கட்டும்” என்றார். அதற்கு யார் மறுப்புச் சொல்வது? ஒருநாள் விளக்கு சரிந்து எண்ணெய் முழுக்க அவற்றின்மேல் வழிந்தது. துடைத்தோம். மற்றவை பிழைத்தன, ஒன்று சுற்றவில்லை. மருதானையில் திருத்துகிறவர் அதைத் திறந்து பார்த்துவிட்டு, இனி எதுவும் எடுக்க முடியாது என்று மூடித் தந்தார். இரண்டாவது பிரதி எடுத்துவைக்கும் பழக்கம் எங்கள் கடையில் இல்லை.

அன்ரியின் குடும்பப் பெயரை அடித்தேன். விரலை எடுக்குமுன் வந்து நின்றது. மண்டபத்தின் பெயர், நன்றியுரை, கையில் மைக்கோடு வாய் பாதி திறந்த பிள்ளை. பட்டியலில் இருப்பது அவ்வளவுதான். பேச்சு அந்தச் சுற்றாத டிஸ்க்கில். பழைய குப்பையாகவே விட்டிருந்தால், தேடினோம் கிடைக்கவில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். இழந்தது எது என்று இத்தனை துல்லியமாகக் காட்டவா இதைச் செய்தேன் என்றிருந்தது.

பெயர் மட்டும்தான் இங்கே இருக்கிறது, டிஸ்க் செத்துவிட்டது, இனிக் கேட்க முடியாது என்று சொன்னேன். இரண்டு தரம் சொன்னேன்.

“இருக்கெண்டுதானே தம்பி காட்டுது” என்றார். பிறகு கையை நீட்டி, மேசையில் இருந்த ஸ்பீக்கரின் சத்தம் கூட்டும் குமிழை முடியுமட்டும் திருப்பிவிட்டு, அதனருகே காதை வைத்தார்.