ஏழு மடங்கு மருமகள்

ஹார்மோன் அக்காவுக்கு வயது முப்பத்தேழு. அவளுடைய சினைப்பைக்கு என்ன வயது என்பதில்தான் புகுந்த வீட்டில் ஒருமித்த கருத்து இல்லை. சின்ன மாமனார் நாற்பத்திரண்டு என்றார். நாத்தனார் நாற்பத்தைந்துக்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்று நின்றாள். குடும்ப வாட்ஸப் குழுவில் இருந்த பதினான்கு பேரும் ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தார்கள். இத்தனைக்கும் அவர்களில் ஒருவருக்குக்கூட சினைப்பை வயிற்றில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் கை தடுமாறும்.

அந்தப் பெயரை அவளுக்கு வைத்தது அவள் வேலை பார்க்கும் லேப்தான். கீழே கவுண்டர், ரத்தம் எடுக்கும் அறை. மாடியில் ஜன்னலே இல்லாத ஒரு அறை. ஹார்மோன் மெஷின் அங்கேதான் இருந்தது. மெஷினுக்குக் குளிர் வேண்டும் என்பதால் ஏசி எப்போதும் ஓடும், மனுஷி ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்பாள். காலையில் முதல் வேலை, கன்ட்ரோல் ஓட்டுவது. விடை ஏற்கெனவே தெரிந்த இரண்டு சாம்பிளை மெஷினுக்குள் வைத்து, அது சரியான விடை சொல்கிறதா என்று பார்த்த பிறகுதான் மனிதர்களின் ரத்தத்தை அதற்குக் காட்டுவாள். வீட்டிலும் இப்படி ஓர் ஏற்பாடு இருந்தால் சிலர் வாயைக் காலையிலேயே சோதித்து, தேறாவிட்டால் அன்று முழுக்க மூடிவைத்திருக்கலாம் என்று அவள் அடிக்கடி நினைப்பதுண்டு.

அவளிடம் வரும் ரத்தச் சாம்பிள் குழாய்களில் பாதி ஏ.எம்.ஹெச். சோதனைக்கு வருபவை. சினைப்பைக்குள் வளரக் காத்திருக்கும் சின்னச் சின்னப் பைகள் சுரக்கிற ஹார்மோன் அது. பைகள் நிறைய இருந்தால் நிறையச் சுரக்கும், வயது ஏற ஏறக் குறையும். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அது குத்துமதிப்பாகச் சொல்லும். இருப்பவை நல்லவையா, இந்த மாதம் பிள்ளை நிற்குமா என்று கேட்டால் அதற்குத் தெரியாது. மீதிக் குழாய்களில் பல எஃப்.எஸ்.ஹெச்.சுக்கு. அது மூளை சினைப்பையைக் கூப்பிடும் குரல். காது மந்தமானவரைக் கூப்பிடுகிற மாதிரி, சினைப்பை சோர்ந்துபோகப் போக மூளை சத்தத்தை ஏற்றும். மாதவிலக்கின் இரண்டாம் மூன்றாம் நாளில் ரத்தம் எடுத்து அந்தச் சத்தத்தை அளப்பார்கள்.

இதையெல்லாம் அவள் சொல்லத் தயார்தான். கேட்கத்தான் ஆள் இல்லை. ரிப்போர்ட் வாங்க வருபவர்கள் கவுண்டரில் ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள்: "பாஸா?" கல்யாணத்துக்கு முன்பே பெண்ணின் ஏ.எம்.ஹெச். நம்பரைக் கேட்ட ஒரு மாப்பிள்ளை வீடு உண்டு. அந்த மாப்பிள்ளை, தொப்பை பெல்ட்டுக்கு மேல் வழிய, ரிப்போர்ட்டை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தான். நாற்பத்தொரு வயதில் புள்ளி நான்கு வாங்கி அழுதுகொண்டே போன, வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண், அடுத்த மாதமே சிறுநீர் டப்பாவோடு வந்து கர்ப்பம் என்று தெரிந்து, மறுபடி அழுதாள். ஹார்மோன் அக்கா அன்று அவளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு மாடிக்கு ஓடிப்போய்த் தானும் கொஞ்சம் அழுதாள். அவளுக்கும் ஒரு குழந்தை வேண்டும் என்று இருந்தது. கல்யாணமாகி ஐந்து வருடமாக அதைத் தவிர வேறொன்றும் அவள் பெரிதாக ஆசைப்பட்டதில்லை.

எட்டு மாதத்துக்கு முன் அவளுடைய சொந்த ரத்தம் அந்த மெஷினுக்குள் போனது. புள்ளி எட்டு என்று வந்தது. குறைவுதான். லேப் கம்ப்யூட்டரில் தொடர்பு எண்ணாகக் கணவனின் எண் பதிவாகியிருந்தது, ரிப்போர்ட் நேராக அவன் போனுக்குப் போனது. அவன் அதைத் தன் அம்மாவுக்கு அனுப்பினான். அம்மா குழுவில் போட்டார். அவள் ஸ்வெட்டரைக் கழற்றி மாட்டிவிட்டுக் கீழே இறங்குவதற்குள் பதினான்கு வீட்டுக்கும் சேதி போய்ச் சேர்ந்துவிட்டது.

மாமியார் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். தாளில் எண் எதுவாக இருந்தாலும் அவருக்கு அது மார்க்தான்.

"புள்ளி எட்டா? ஒண்ணுகூட முழுசா வாங்கலியாம்மா?" என்றார்.

"அத்தை, இது மார்க் இல்ல."

"எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க."

குழந்தைப்பேறு டாக்டரம்மா அந்த நம்பரைப் பார்த்துப் பதறவில்லை. "கம்மிதான், ஆனா இல்லாமப் போகல. நம்பரைவிட உங்க வயசுதான் எனக்கு முக்கியம். நாளைக் கடத்தாதீங்க. உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க, அவருக்கு ஒரு டெஸ்ட், அவ்ளோதான். ஊசிகூடக் கிடையாது" என்றார். இரண்டு ரிப்போர்ட்டும் கையில் இல்லாமல் சிகிச்சையைத் தொடங்க முடியாது என்றும் சொன்னார்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். நல்ல மனுஷன், சத்தம் போட்டுப் பேசமாட்டான், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுவான். ஆனால் அந்த எட்டு மாதத்தில் நின்றதுபோல ஊரில் லிஃப்டுகள் அதற்கு முன் நின்றதே இல்லை. டெஸ்ட்டுக்கு நாள் குறித்தால் போதும், எங்கேயோ ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் யாராவது மாட்டிக்கொள்வார்கள். ஒருமுறை டாக்டரம்மாவின் கிளினிக் இருந்த கட்டடத்து லிஃப்டே நின்றது. பழுது பார்க்க வந்ததும் அவனேதான்; வேலையை முடித்துவிட்டு, மூன்றாவது மாடியில் இருந்த கிளினிக்குக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் திரும்பிப் போனான்.

மாமியார் சும்மா இருக்கவில்லை. தேறாத பிள்ளைக்குத் தனிவகுப்பு எடுத்தே பழகிய கை. எங்கிருந்தோ ஒரு பச்சைத் தூள் வரவழைத்தார். காலை ஆறு மணிக்கு வெந்நீரில் ஒரு கரண்டி, மாலை ஆறு மணிக்கு ஒரு கரண்டி. சமையலறைக் காலண்டரில் குடித்த வேளைக்கெல்லாம் டிக். அதன் கசப்பு நாக்கோடு நிற்காது, மதியம்வரை காதுக்குப் பின்னால் இருக்கும். டிக் அடிக்கும்போது மாமியார் முகத்தில் தெரிந்த அக்கறை பொய்யில்லை, அதனால்தான் தூளைத் தொட்டித் தண்ணீரில் கொட்ட அவளுக்கு மனசு வரவில்லை.

இதற்கிடையில் லேப்புக்குப் புது மெஷின் வந்தது. பழையது நானோகிராமில் சொன்னதைப் புதியது பிகோமோலில் சொன்னது. ஒரே ரத்தம், ஒரே ஹார்மோன்; எண் மட்டும் ஏழு மடங்கு பெரிதாகத் தெரியும். பக்கத்திலேயே பொடி எழுத்தில் அலகும் இருக்கும், வயதுக்கேற்ற அளவுகளும் இருக்கும். டாக்டர்களுக்கெல்லாம் சுற்றறிக்கை போனது. மாமியார்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பும் வழக்கம் அந்த லேப்பில் இல்லை.

தூள் குடித்து எட்டு மாதம் முடிந்ததும் மறுதேர்வு வைத்தே ஆகவேண்டும் என்றார் மாமியார். அவள் தன் குழாயைத் தானே மெஷினில் வைத்தாள். ஐந்து புள்ளி ஆறு என்று வந்தது. ஏழு சொச்சத்தால் மனதிலேயே வகுத்தாள். புள்ளி எட்டுக்கு ஒரு நூல் குறைவு. இருந்த இடத்திலேயே இருக்கிறாள். பழைய அலகையும் பக்கத்தில் எழுதிக் கையோடு எடுத்துப்போகலாம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தபோதே கம்ப்யூட்டர் தன் கடமையைச் செய்து முடித்திருந்தது.

அன்று மாலை கதவைத் திறந்த மாமியார் அவள் கையிலிருந்த பையைத் தானே வாங்கிக்கொண்டார். அப்படி நடந்தது அதுவே முதல்தடவை. குழுவில், "புள்ளி எட்டிலிருந்து ஐந்து புள்ளி ஆறு. விடாமுயற்சிக்குக் கிடைத்த பரிசு" என்று எழுதியிருந்தார். யாருடைய விடாமுயற்சி என்பதில் யாருக்கும் சந்தேகம் வராத மாதிரி தூள் டப்பாவின் படமும் கூடவே இருந்தது. சின்ன மாமனார் கைதட்டும் பொம்மை ஒன்பது அனுப்பினார். நாற்பத்தைந்திலேயே நின்ற நாத்தனார், "அண்ணிக்கு இப்போ இருபத்தெட்டுதான் இருக்கும்" என்று ஒரேயடியாகப் பதினேழு வருடத்தைத் தள்ளுபடி செய்தாள்.

அவள் அப்போதே சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. எட்டு மாதமாக அவள்மேல் விழும் பார்வையெல்லாம் பரிதாபமாகவே இருந்த வீட்டில், திடீரென்று எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். காலையில் யாரும் அவளை எழுப்பவில்லை. தூள் பாதியாகக் குறைக்கப்பட்டது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லவேண்டும், அவளுக்கு அது பிடித்திருந்தது. மூன்று நாள் அந்த ஏழு மடங்கு மருமகளாகவே வீட்டில் நடமாடினாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நாத்தனார் குடும்பமும் சின்ன மாமனாரும் சாப்பிட வந்தார்கள். தூள் எங்கே கிடைக்கும் என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் கணவன் முகம் மலர்ந்து சொன்னான்:

"வியாழக்கிழமை டாக்டர்கிட்ட நாள் வாங்கியிருந்தோமே, நானே போன் பண்ணி கேன்சல் பண்ணிட்டேன். இனிமே எதுக்கு?"

அந்த மூன்று நாள் சிரிப்புக்கு இதுதான் விலை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இப்படியே விட்டால் இன்னொரு எட்டு மாதம் ஓடும், அதற்குள் முப்பத்தெட்டு ஆகிவிடும். வீட்டில் எல்லோரும் சந்தோஷமாகத்தான் இருப்பார்கள்.

"அத்தை, அந்த ரிப்போர்ட்ட எடுங்க. நம்பருக்குப் பக்கத்துல என்ன இருக்குன்னு படிங்க" என்றாள்.

மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "பிகோமோல்… லிட்டருக்கு."

"பழைய ரிப்போர்ட்ல?"

போனைத் தள்ளித் தள்ளித் தேடினார். "நானோகிராம்… மில்லிலிட்டருக்கு."

இரண்டு அலகையும் இன்னொரு தடவை படித்தார். முப்பத்தொரு வருடம் அலகு எழுதாத விடைக்கெல்லாம் அரை மார்க் குறைத்தவர் அவர். ஊரில் பாதிப் பேர் அந்த அரை மார்க்கை இன்னும் மறக்கவில்லை.

"எத்தனையால பெருக்கணும்?" என்று கடைசியில் கேட்டார்.

"ஏழு புள்ளி ஒண்ணு நாலு."

உதடு அசைய வாய்க்கணக்குப் போட்டார். "அப்போ பழசு அஞ்சு புள்ளி ஏழு. இப்போ அஞ்சு புள்ளி ஆறு. ஏறல. கொஞ்சம் எறங்கியிருக்கு." கணக்கில் மட்டும் அவர் யாருக்கும் சலுகை காட்டியதில்லை, தனக்கும் காட்டவில்லை.

"அப்போ அந்தத் தூள் என்னதான் பண்ணுச்சு?" என்றாள் நாத்தனார், ஏற்கெனவே இரண்டு டப்பா சொல்லிவைத்திருந்த கவலையில்.

"கசந்துச்சு" என்றாள் ஹார்மோன் அக்கா. பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். "எனக்குக் குழந்தை வேணும். என் ரத்தத்த ரெண்டு தடவ பாத்தாச்சு, ஊரே பாத்தாச்சு. உங்களோடத ஒருத்தரும் பாக்கல. வியாழக்கிழமை போறோம்."

அவன் வழக்கம்போல அம்மாவைப் பார்த்தான். அம்மா ரிப்போர்ட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "போடா" என்றார்.

வியாழக்கிழமை ஒரு லிஃப்டும் நிற்கவில்லை. அவன் டப்பாவை வாங்கிக்கொண்டு உள்ளே போய், போருக்குப் போய்வந்தவன்போல வெளியே வந்தான். மறுநாள் ரிப்போர்ட் வந்தது. விந்தணு எண்ணிக்கை ரொம்பக் குறைவு, இருந்தவற்றிலும் பாதிக்கு மேல் அசையவில்லை. டாக்டரம்மா இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இதுக்கு வழி இருக்கு. இந்த மாசமே ஆரம்பிக்கலாம், ரெண்டு பேருக்குமே சிகிச்சை வேணும். எட்டு மாசம் முன்னாடி வந்திருந்தா இன்னும் சுலபமா இருந்திருக்கும்."

எழுந்த கோபத்தில் அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த எட்டு மாதத்தை எந்த மெஷினும் திருப்பித் தராது என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் தாளை நான்காக மடித்து, எட்டாக மடித்து, இன்னும் மடிக்க முடியாமல் திணறுவதைப் பார்த்தபோது பாவமாகவும் இருந்தது.

பஸ் நிறுத்தத்தில் வெயில். நிழற்குடையின் கீழே இருவர் மட்டும். அவன் வெகுநேரம் தொண்டையைச் செருமிவிட்டுக் கேட்டான்:

"அம்மா கேப்பாங்க. என்ன சொல்றது?"

"இருக்கிறதச் சொல்றது."

"இல்ல… உன்னோடதுதான் கம்மின்னே சொல்லிடலாமா? அது அவங்களுக்குப் பழகிப்போச்சுல்ல."

அவன் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வீட்டில் ஒரு மூட்டை இருக்கிறது, இத்தனை நாள் அதைத் தூக்கியவளே தூக்கட்டுமே என்கிற அளவில்தான் அவனுக்கு அது பட்டிருந்தது. கத்தலாமா, அழலாமா என்று அவளுக்கே தெரியவில்லை. கடைசியில் பையிலிருந்து போனை எடுத்து, மாமியார் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, அவன் கையில் கொடுத்தாள்.

"என்னம்மா, டாக்டர் என்ன சொன்னாங்க?" என்றது போன்.

அவன் அவளைப் பார்த்தான். அவள் பஸ் வரும் திசையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"ஹலோ? லைன்ல யாரு?"

"நான்தாம்மா."

"நீயா? அவ எங்க? அவகிட்ட குடு, அவதான் வெவரமாச் சொல்லுவா."

பஸ் வந்து நின்றது. அவள் ஏறவில்லை. கதவுப் படியில் நின்ற கண்டக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வண்டியைப் போகச் சொன்னார்.

"அவகிட்ட குடுக்க வேணாம்மா" என்றான் அவன். "குறை எனக்கும் இருக்கு. நான் சொல்றேன், கேளுங்க."