மூக்கண்ணன் சேர்த்த சுருட்டுகள்

டப்பாவின் நான்கு பக்கத்துக் கொக்கிகளையும் நகத்தால் நெம்பிவிட்டு, மூடியை இரண்டு விரல்கட்டை தூக்கி, அந்த இடுக்கில் மூக்கை வைத்து இழுக்கிறார் மூக்கண்ணன். கண்கள் மூடியிருக்கின்றன. இழுத்த மூச்சை வெளியே விட மனமில்லாமல் வைத்திருக்கிறார். பிறகு மூடியை முழுக்கத் திறந்து, உள்ளே வரிசையாகப் படுத்திருக்கும் சுருட்டுகளை ஒவ்வொன்றாகக் கால் சுற்று உருட்டிவிடுகிறார், தூங்கும் குழந்தையைத் திருப்பிப் படுக்கவைப்பதுபோல. சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்க்கிறாள். "ஏதாச்சும்?" என்று கேட்பதோடு சரி. அவர் உதட்டைப் பிதுக்குகிறார். அவள் தலையை உள்ளே இழுத்துக்கொள்கிறாள். காலையில் ஒரு தடவை, வேலை முடிந்து வந்ததும் ஒரு தடவை என்று தினமும் இது நடக்கிறது.

அவர் கேஸ் அடுப்பு மெக்கானிக். ஒல்லி உடம்பு, மண்டியிட்டு மண்டியிட்டு முட்டி வெளுத்துப்போன கால்சட்டை, சட்டைப் பையில் எப்போதும் ஒரு குட்டி டார்ச். அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டோடு சரி. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "பின்னால ரப்பர் குழாய் ஒழுகுது, சிலிண்டரை மூடுங்க" என்று சொல்லிக்கொண்டு உள்ளே வருகிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? சின்னவர்களுக்கும் பெரியவர்களுக்கும் அவர் மூக்கண்ணன்தான். அதில் அவருக்குப் பெருமை கொஞ்சநஞ்சமில்லை. அடுப்பின் முன் மண்டியிட்டபடி வீட்டுக்காரம்மாக்களுக்கு அவர் சொல்லும் பாடம் ஒன்று உண்டு. "அடுப்பு பொய் சொல்லும்மா, குழாயும் பொய் சொல்லும். வாடை மட்டும் பொய் சொல்லாது."

இப்படிப்பட்டவருக்குச் சுருட்டுப் பித்து பிடித்தது ஒரு சுருட்டுக் கடையின் பின்னறையில். கடைக்காரர் டீ போட்டுக்கொள்ளும் ஒற்றை அடுப்பைப் பழுது பார்க்கப் போனார். வேலை முடிந்ததும் கூலியோடு ஒரு சுருட்டையும் நீட்டினார் கடைக்காரர். மூக்கண்ணன் பீடிகூடப் பிடித்தறியாத மனிதர். மரியாதைக்கு வாங்கி மூக்கருகே கொண்டுபோனார், அவ்வளவுதான், நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். "முதலாளி, இதுக்குள்ள ஒரு வீடே இருக்கு. பழைய மரக்கதவு இருக்கு, காய்ஞ்ச திராட்சை இருக்கு, புதுச் செருப்பு இருக்கு. எல்லாம் தனித்தனியா நிக்குது" என்றாராம். கடைக்காரர் இதை இன்னும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதுவரை ஆபத்தை மட்டுமே மோந்து பார்த்துப் பிழைத்த மூக்கு அது. சும்மா சந்தோஷத்துக்காக மோந்து பார்க்க ஒரு பொருள் உலகத்தில் இருக்கிறது என்று அதற்கு அன்றுதான் தெரிந்தது.

ஆசை இருந்தால் போதுமா? விரலுக்குத் தகுந்த வீக்கம்தானே வேண்டும். பெட்டி பெட்டியாக வாங்குகிறவர்கள் தேக்கு அலமாரி போலப் பளபளக்கும் பெட்டிகளில் வைத்திருப்பார்கள். கடைக்காரர் இவருக்கு வேறு வழி சொன்னார். மாதம் ஒன்று, ஒற்றையாக வாங்கு. மேலிலையில் புள்ளி விழுந்தது, நிறம் மங்கியது என்று ஒதுக்கிப் போட்டதை வாங்கு. உள்ளே சரக்கு ஒன்றுதான். பெட்டி வேண்டாம், காற்றுப் போகாத சமையல் டப்பா போதும். உள்ளே ஈரத்தை ஒரே அளவில் வைத்திருக்க ஒரு பொட்டலம், ஈரம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று, காலிப் பெட்டியிலிருந்து உடைத்த வாசனை மரப்பட்டை நாலு துண்டு. கண்ணாடிக் குழலில் வருகிற சுருட்டைக் குழலோடு வைக்காதே, ஈரம் எட்டாது. மற்றபடி அவசரப்படாதே, மாதக்கணக்கில் கிடந்தால் காரம் அடங்கி வாசம் இனிப்பாக வரும். மூக்கண்ணன் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். மாவு டப்பா ஒன்று சமையலறையிலிருந்து காணாமல் போனது. அது துணி அலமாரியில் கண்டெடுக்கப்பட்ட அன்று, "புகை விடாதவருக்குச் சுருட்டு, மொட்டைத் தலைக்குச் சீப்பு" என்று மனைவி சொன்னாள். மாவைச் சாக்குப்பையோடு வைத்துக்கொண்டாள் என்பது வேறு விஷயம்.

பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. எல்லோருக்கும் வருகிற காய்ச்சல்தான். நான்கு நாள் படுத்து எழுந்தார். எழுந்து டப்பாவைத் திறந்தார். ஒன்றுமில்லை. மூக்கடைப்பு என்று நினைத்தார். அடைப்பு விட்ட பிறகும் ஒன்றுமில்லை. பூண்டை நசுக்கினார், மண்ணெண்ணெயைத் திறந்தார், தன் சட்டைக் கக்கத்தில் முகத்தைப் புதைத்தார். வெறும் காற்று. ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழனிப் பானையில் விழுந்த கதை. பழமொழி சொல்வது எளிது. அன்று அவர் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுததை மனைவி மட்டும் கேட்டாள்.

டாக்டரைத் தவிர வேறு யாருக்கும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? கண் போன ஓட்டுநரின் வண்டியில் யார் ஏறுவார்கள்? சோப்பு நுரைக் குப்பி ஒன்றைப் பையில் சேர்த்துக்கொண்டார். எந்த வீட்டுக்குப் போனாலும் மூட்டுக்கு மூட்டு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்தார். வேலை இரட்டிப்பு நேரம் பிடித்தது. 'மூக்கண்ணன் முன்னைவிடக் கவனமாயிட்டார்' என்று ஊர் மெச்சியது. வாடையைக் கண்டுபிடிக்கும் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளலாமே என்று மனைவி ஒருமுறை மெதுவாகச் சொன்னாள். "மூக்கண்ணன் மீட்டரோட வந்தா சிரிப்பாங்கம்மா" என்றார். ஒரு வீட்டில் எல்லா மூட்டையும் பார்த்து முடித்து, அடுப்பைப் பற்றவைக்கக் குச்சியைக் கையில் எடுத்த நேரத்தில், பள்ளிக்கூடம் விட்டு வந்த சிறுமி வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாள். பர்னர் குமிழ் ஒன்று திறந்தே கிடந்திருக்கிறது. குச்சியைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். அன்றிரவு சாப்பிடவில்லை.

டாக்டர் ஒரு பயிற்சி சொல்லியிருந்தார். தெரிந்த வாசனைகளைத் தினமும் இரண்டு வேளை மோந்து பார்க்க வேண்டும். சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது. எலுமிச்சை, கிராம்பு என்று என்னென்னவோ சொன்னார். மூக்கண்ணன் தன் டப்பாவை எடுத்துக்கொண்டார். சுருட்டு வாங்குவதையும் நிறுத்தவில்லை. மூக்கு திரும்பும் நாளில் முதல் சுருட்டைப் பற்றவைப்பது என்று தீர்மானம். அதுவரை ஒன்றையும் தொடுவதில்லை.

இந்த இடத்தில்தான் மனைவி ஒரு காரியம் செய்தாள். பெரிய கடையில் சாமான் வாங்கப் போனபோது, பணம் கட்டும் இடத்தில் கண்ணாடிக் குழலில் ஒற்றைச் சுருட்டு இருந்தது. புரியாத மொழியில் பெயர், மேலே அழகாக ஒரு பூப்படம். சாமானில் இரண்டைக் குறைத்துக்கொண்டு அதை வாங்கி வந்து கொடுத்தாள். டப்பாவைக் கிண்டல் செய்தே பழகியவள் தன் கையால் வாங்கி வந்தாள் என்றதும் மனிதர் நெகிழ்ந்துபோனார். கடைக்காரர் பாடப்படி குழலிலிருந்து உருவி, டப்பாவின் நடுவில் இடம் ஒதுக்கி வைத்தார். சில வாரங்களில் அவளே டப்பாவுக்குள் எட்டிப் பார்த்து, "இப்பத்தாங்க மனுஷங்க மூக்கு வைக்கிற மாதிரி இருக்கு. பிஸ்கட் டப்பா மாதிரி அடிக்குது" என்றாள். வாசம் இனிப்பாக வரும் என்று கடைக்காரர் சொன்னது பலித்துவிட்டது என்று இருவருக்கும் சந்தோஷம்.

போன ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் கடைக்காரர் வீடு தேடி வந்தார். பிள்ளை பெற்ற மருமகள் பச்சைக் குழந்தையோடு வீட்டில் இருக்கிறாளாம். சமையலறைப் பக்கம் கேஸ் வாடை வருகிறது என்கிறாளாம் அவள். ஒன்றுமில்லை, உன் பிரமை என்கிறானாம் மகன். "உங்க மூக்கைக் கொஞ்சம் கொண்டாந்து காட்டுங்க மூக்கண்ணே. நீங்க இல்லைன்னு சொன்னா இல்லைதான்" என்றார். மூக்கண்ணன் பையில் நுரைக் குப்பி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். அதற்குள், நான் கொடுத்து ஆரம்பித்த சேமிப்பாயிற்றே, ஒரு பார்வை பார்த்துவிடுகிறேன் என்று உட்கார்ந்தார் கடைக்காரர். மூக்கண்ணன் பிள்ளையின் மார்க்கைக் காட்டும் தகப்பனைப் போல டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார்.

மூடியைத் திறந்த கடைக்காரர் முகத்தைப் பின்னால் இழுத்தார். ஒன்றை எடுத்து மோந்தார், இன்னொன்றை எடுத்தார், வரிசையாக எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்துவிட்டு நடுவில் இருந்ததில் நின்றார்.

"இது நம்ம கடைச் சரக்கு இல்லையே. யார் வாங்கினது?"

தண்ணீர் கொண்டுவந்த மனைவி கதவருகே நின்றுவிட்டாள். அவள் முகத்தை மூக்கண்ணன் பார்த்தார்.

"நான்தான் முதலாளி. மலிவாக் கிடைச்சுது."

"வெனிலா எஸென்ஸ் ஊத்தினதுங்க இது. ஒண்ணு போதும், கூட இருக்கிற எல்லாத்துலயும் ஏறிடும். ஏறினா போகாது. இத்தனையும் கேக் கடை மாதிரி ஆயிடுச்சு." வருத்தமாகத்தான் சொன்னார். பிறகு ஏதோ உறைத்ததுபோல நிமிர்ந்தார். "வாங்கும்போது நீங்க மோந்து பாக்கலையா?"

மனைவி வாங்கி வைத்தது, நான் டப்பாவைத் திறந்தே நாளாயிற்று என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம். அவளைக் காப்பாற்றப் போய்த் தானே மாட்டிக்கொண்டார். அவர் கை தானாகப் போய் மூக்கைத் தடவியதிலேயே கடைக்காரருக்குப் புரிந்துவிட்டது. நல்ல மனிதர், தோண்டித் துருவவில்லை. மூடியை மெதுவாக மூடினார். "சரிங்க, நீங்க சிரமப்படாதீங்க. இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்று எழுந்தார். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், விஷயம் அந்த அறையோடு போய்விடும். கடைக்காரர் யாரிடமும் சொல்லமாட்டார். மூக்கண்ணன் பிழைப்பு பழையபடி ஓடும்.

"இன்னொரு நாள் இல்லை முதலாளி" என்றார் மூக்கண்ணன். "இப்பவே வீட்டுக்குப் போன் போடுங்க. சிலிண்டரை மூடச் சொல்லுங்க. ஜன்னலைத் திறக்கட்டும், ஒரு சுவிட்சையும் தொடக் கூடாது. புள்ளையைத் தூக்கிட்டு எல்லாரும் வெளியில வரட்டும்."

கடைக்காரர் போன் போட்டார். மூக்கண்ணனும் தன் போனை எடுத்தார். ஊரில் இன்னொரு மெக்கானிக் உண்டு. அவன் பேச ஆரம்பித்தால் வெண்கலக் கடையில் யானை புகுந்த மாதிரி இருக்கும் என்பதால் பெயரே வெங்கலம். அவனுக்கு மூக்கு இருக்கவேண்டிய இடத்திலும் வாய்தான் இருக்கிறது என்று இத்தனை காலம் கேலி செய்தவர் இவர். அவனிடம் ஒன்றைச் சொல்வதும் தமுக்கடிப்பதும் ஒன்று. முகவரியைக் கேட்டுக்கொண்ட வெங்கலம், உங்கள் வாடிக்கை வீடாயிற்றே, நீங்கள் ஏன் போகவில்லை என்று கேட்டான்.

"எனக்கு மூக்கு போயிடுச்சுப்பா. அந்தக் காய்ச்சலோட போச்சு. நுரையை வச்சு ஓட்டிக்கிட்டிருந்தேன். நீ போ. பச்சப் புள்ளை இருக்கிற வீடு."

"போறேண்ணே" என்றான் வெங்கலம், காதில் விழுந்தும் விழாத குரலில்.

பகல் திரும்புவதற்குள் கடைக்காரர் போன் செய்து சொன்னார். சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் குழாயில் விரிசல் விட்டிருந்ததாம். நுரை தடவக் கை போகாத இடம். வெங்கலம் படியேறும்போதே மூக்கை உறிஞ்சிக் கண்டுபிடித்துவிட்டானாம். குழந்தை சுகம். மூக்கண்ணன் எல்லாவற்றுக்கும் "நல்லது முதலாளி, நல்லது" என்றார். போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

மனைவி டப்பாவின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். "எனக்கு நல்லாத்தாங்க இருந்துச்சு" என்றாள். அழுகையில் மற்றது வரவில்லை.

"நல்லாத்தாம்மா இருந்திருக்கும்."

அவள் அந்தப் பூப்படச் சுருட்டை மட்டும் பொறுக்கியெடுத்து, குப்பைக் கூடையை நோக்கிக் கையை ஓங்கினாள். அவர் எட்டி அவள் விரல்களிலிருந்து அதை உருவிக்கொண்டார். சட்டை நுனியால் ஒரு தடவை துடைத்து, மற்றவற்றைக் கொஞ்சம் ஒதுக்கி, நடுவில் அதன் இடத்திலேயே படுக்கவைத்து, மூடியை வைத்து நான்கு கொக்கிகளையும் அழுத்தினார்.