அப்பா சொன்ன ‘ம்’

எங்கள் அப்பாவிடம் எதைச் சொன்னாலும் ‘ம்’ என்பார். வாயைத் திறக்காமல், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், மூக்கு வழியாக வரும் ஒரு ‘ம்’. அதைக் கேட்டுக்கொண்டேன் என்றும் வைத்துக்கொள்ளலாம், சரி என்றும் வைத்துக்கொள்ளலாம், தொந்தரவு பண்ணாதே என்றும் வைத்துக்கொள்ளலாம். எப்படி வைத்துக்கொள்வது என்பது சொன்னவர் பாடு.

அந்த ‘ம்’மால் எங்கள் வீடு பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. ஒரு வருஷம் மேல்பட்டாம்பாக்கத்து அத்தை போனில் ஏதோ கேட்க, அப்பா கிரிக்கெட் பார்த்துக்கொண்டே ‘ம்’ சொல்லி வைத்துவிட்டார். ஆருத்ரா தரிசனத்துக்கு முதல் நாள் காலையில் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. பதினான்கு பேர் இறங்கினார்கள். அதில் நான்கு பேரை அத்தைக்கே சரியாகத் தெரியாது. சிதம்பரத்தில், அதுவும் கீழவீதிக்குப் பக்கத்தில் வீட்டை வைத்துக்கொண்டு சொந்தக்காரர்கள் வருகிறார்களே என்று அலுத்துக்கொள்ள முடியாது. ஆனால் வருகிறார்கள் என்பது வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டாமா? அம்மா அன்றைக்கு மூன்று முறை உலை வைத்தாள். அப்பாவோ, அத்தை தன்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்று சாதித்தார். அவர் பொய் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை அத்தை எதுவும் சொல்லியிருக்கவில்லை.

காதில் கோளாறு எதுவும் கிடையாது. பக்கத்து வீட்டு டிவியில் விக்கெட் விழுந்தால் அவருக்குக் கேட்கும். அம்மா ஒருமுறை சோதித்துப் பார்த்தாள். “ஒங்க லுங்கில தீப்புடிச்சிருக்குது” என்று அடுப்படியில் இருந்தபடியே சாதாரணக் குரலில் சொன்னாள். “ம். சாயந்தரம் பாத்துக்கலாம்” என்று பதில் வந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள், ஆனால் எனக்கு முன்பே நிறுத்திவிட்டாள்.

இப்பேர்ப்பட்ட மனிதரைத்தான், நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில், கடலூருக்கு மூன்று நாள் பயிற்சிக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. அப்பா நடுநிலைப் பள்ளி ஆசிரியர். பயிற்சியின் தலைப்பு ‘கேட்டல் திறன்’. பிள்ளைகள் பேசுவதை வாத்தியார்கள் காதுகொடுத்துக் கேட்க வேண்டும், அதற்குத் தடையாக இருப்பவை என்னென்ன, அவற்றை எப்படிக் களைவது என்பதெல்லாம் பாடம். அம்மா அந்த உத்தரவை இரண்டு முறை படித்தாள். பிறகு அதை எடுத்துக்கொண்டு போய் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள்.

முதல் நாள் பயிற்சி முடிந்து வந்த அப்பா, கைகால் கழுவியதும் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தார். மாவரைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். முன்பக்கம் சாய்ந்து, அம்மாவின் கண்ணையே பார்த்து, தலையை மேலும் கீழும் ஆட்டத் தொடங்கினார். அம்மா இன்னும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பயந்துபோய் கிரைண்டரை நிறுத்திவிட்டு, “என்னங்க, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று கேட்டாள். அப்பா நிதானமாக, “அப்ப நீ சொல்ல வர்றது, எனக்கு ஒடம்பு சரியில்லங்கறது” என்றார். அடுத்தவர் சொன்னதை நம் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது முதல் நாள் பாடம். அன்று அம்மா பேசிய அத்தனையும் அவள் பக்கமே திரும்பி வந்துகொண்டிருந்தது. கடைசியில் அம்மா, போய் பேப்பர் படியுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

இரண்டாம் நாள் சாயந்தரம்தான் விஷயம் ஆரம்பித்தது. மறுநாள் ஒவ்வொரு குழுவும் ஒரு சார்ட் எழுதிக் கொண்டுவர வேண்டும். அப்பா கூடத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு ஸ்கெட்ச் பேனாவால் ‘கேட்பதற்குத் தடைகள்’ என்று கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார். நான் ஓரத்துக்குப் பூ வரைந்து கலர் அடித்துக்கொண்டிருந்தேன். அம்மா ஒரு பழுப்புக் கவரோடு வந்து நின்றாள்.

கவருக்குள் இருந்தது ஊர்ப்புற நூலகர் வேலைக்கான விண்ணப்பம். கல்யாணத்துக்கு முன்பே அம்மா நூலகப் படிப்பு படித்துச் சான்றிதழ் வாங்கியிருந்தாள். அந்தச் சான்றிதழ் பன்னிரண்டு வருஷமாகப் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்தது. இந்தத் தடவை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். இதை அம்மா எனக்குச் சொல்லியிருந்தாள், பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சொல்லியிருந்தாள். அப்பாவுக்கும் பலமுறை சொல்லியிருந்தாள், அவரும் பலமுறை ‘ம்’ சொல்லியிருந்தார்.

சிலிண்டர் தீரப்போகிறது, முருங்கைக்காய் விலை ஜாஸ்தியாகிவிட்டது என்று ஆரம்பித்து, அதே குரலில் அம்மா இதையும் சொன்னாள்.

“நாளைக்குக் கடலூர்லதான இருப்பீங்க. இந்தக் கவர மாவட்ட நூலக ஆபீஸ்ல நேர்ல கொடுத்துடுங்க. நாளைக்குதான் கடைசித் தேதி.”

அப்பா அப்போது, ‘தடை 3: வேறு வேலை செய்துகொண்டே கேட்பது’ என்று எழுதிக்கொண்டிருந்தார்.

“ம்” என்றார்.

அம்மா ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். பிறகு அவளே கவரை அப்பாவின் ஜோல்னாப் பையில் வைத்தாள்.

மூன்றாம் நாள் நானும் கூடப் போனேன். சில்வர் பீச் பார்க்க வேண்டும் என்று நான் ஒரு மாதமாகக் கேட்டதற்கு அப்பா எப்போதோ ‘ம்’ சொல்லியிருந்தார். அதை அம்மா சாட்சி சொல்லி நிரூபித்தாள். கிளம்பும் முன் எனக்குத் தலை பின்னிவிட்டபடி, குனிந்து என் காதோடு சொன்னாள். “கவரப் பத்தி நீயா ஞாபகப்படுத்தக் கூடாது. அவுரா கொடுக்கணும்.” மறந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். நீ வாயை மூடிக்கொண்டு இரு, அது போதும் என்றாள். தலையாட்டினேன், ஆனால் எனக்குக் கோபம் வந்தது. என்னை ஓட்டை வாய் என்று அம்மா நினைக்கிறாள் போலிருக்கிறது, வாயை மூட எனக்கும் தெரியும் என்று காட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பயிற்சி ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. மே மாத வெயில், மேலே ஃபேன் சத்தம். நாற்பது வாத்தியார்கள் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். பயிற்சி நடத்திய மேடம், எல்லாரும் கொஞ்சம் கேளுங்கள், கேளுங்கள் என்று மேஜையைத் தட்டித் தட்டி ஓய்ந்துபோனார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து அப்பாவின் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கவரின் மூலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இடைவேளை வந்தது, போனது. சாப்பாட்டு நேரம் வந்தது, அதுவும் போனது. அப்பா அந்தப் பையிலிருந்து பேனா எடுத்தார், கண்ணாடி எடுத்தார், கைக்குட்டை எடுத்தார். கவரை மட்டும் எடுக்கவில்லை.

மத்தியானம் அப்பாவின் செல்போனுக்கு அம்மா கூப்பிட்டாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு. அப்பா போனை என்னிடம் கொடுத்தார். சாப்பிட்டாயா, மோர் இருந்ததா, வெயிலில் அலையாதே என்று மூன்றே விஷயம். கவரைப் பற்றி அவளும் வாய் திறக்கவில்லை. நான் “அம்மா...” என்று இழுத்தேன். “ம்” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அதன்பிறகு போட்டி. இருவர் இருவராக உட்கார்ந்து, ஒருவர் ஐந்து நிமிஷம் பேச வேண்டும், மற்றவர் கேட்டு அப்படியே சபைக்குச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு ஜோடி பண்ருட்டி வாத்தியார் ஒருவர். அவர் தன் கொல்லையில் நிற்கும் பலாமரத்தைப் பற்றிப் பேசினார். எந்த வருஷம் வைத்தது, எத்தனாவது கிளையில் முதல் காய் வந்தது, எந்த மச்சான் வந்து திருட்டுத்தனமாக அறுத்துக்கொண்டு போனான், எல்லாவற்றையும் அப்பா ஒன்று விடாமல் ஒப்பித்தார். பண்ருட்டி வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது, தன் வீட்டில்கூட இதை யாரும் இவ்வளவு கேட்டதில்லை என்றார். கைதட்டல் அடங்கவே இல்லை. மூன்று நாளில் சிறந்த செவிமடுப்பவர் என்று அப்பாவுக்கு ஓர் எவர்சில்வர் டம்ளர் பரிசு கொடுத்தார்கள். அதை அவர் பையில், கவருக்கு மேலேயே வைத்தார்.

நாலு மணிக்கு எல்லாம் முடிந்தது. பீச்சுக்கு எப்போது போகிறோம் என்று கேட்டேன். “ம்” என்றார். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். “அப்பா, பீச்சு” என்றேன். “ம்” என்று சொல்லிச் சிதம்பரம் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் எனக்கு இடம் பிடித்தார். பஸ் கிளம்பியது. பீச் போனால் போகட்டும், அடுத்த வருஷமும் கடல் அங்கேதான் இருக்கும். ஆனால் அம்மாவின் வேலை? முதுநகர் தாண்டியது, தொழிற்சாலை வாடை வந்து போனது. எனக்கு அழுகை முட்டியது. வாயைத் திறந்தால் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு போகிறது, திறக்காவிட்டால் அம்மாவின் வேலையே போகிறது.

அப்போதுதான் சமோசா ஞாபகம் வந்தது. டீயோடு கொடுத்த தன் பங்கு சமோசாவை அப்பா தின்னாமல் எனக்காகப் பேப்பரில் சுற்றி அதே பையில், அடியில் வைத்திருந்தார்.

“அப்பா, பசிக்குது. சமோசா” என்றேன்.

“ம்.”

“அப்பா, சமோசா.”

“ம்.”

மூன்றாம் தடவை அவர் தொடையில் கிள்ளியே சொன்னேன். பைக்குள் கைவிட்டார். டம்ளர் வந்தது, சுருட்டிய சார்ட் வந்தது, பிறகு, மூலையில் சமோசா எண்ணெய் ஊறிய அந்தப் பழுப்புக் கவர் வந்தது. அப்பா அதில் இருந்த அம்மாவின் கையெழுத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்து சீட்டுக்காரரிடம் இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டார். அவர் சொன்னதும், அப்பா எழுந்து கண்டக்டரைக் கூப்பிட்ட குரல் இருக்கிறதே, டிரைவர் தானாகவே பிரேக்கை மிதித்துவிட்டார்.

ஆலப்பாக்கத்தில் இறங்கி, எதிர் பஸ் பிடித்து, ஒற்றைக்காலில் நின்றுகொண்டு போய், கடலூரில் ஆட்டோ வைத்து, அந்த அலுவலகத்துக்குள் ஓடினோம். ஐந்தரை தாண்டியிருந்தது. எழுத்தர் மேஜையைப் பூட்டிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து எத்தனை பேர், ஒவ்வொருவரும் அவசரம் அவசரம் என்கிறார்கள், நானும் மனிதன்தானே என்று பொரிந்து தள்ளினார். அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் நேராக நின்று, அவர் கண்ணைப் பார்த்து, தலையை ஆட்டி, “அப்ப நீங்க சொல்ல வர்றது, காலையிலேருந்து ஒங்கள ஒரு வாய் டீ குடிக்கக்கூட யாரும் வுடல” என்றார். எழுத்தர் பூட்டுவதை நிறுத்தினார். டீயைப் பற்றி அவர் சொல்லவே இல்லை. ஆனால் உண்மை அதுதான் போலிருக்கிறது. “கரெக்டா சொன்னீங்க சார்” என்று மேஜையைத் திறந்து, கவரை வாங்கி, முத்திரை குத்தினார். எண்ணெய்க் கறையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது அப்பா எனக்கு இரண்டு சமோசா வாங்கிக் கொடுத்தார். இறங்கி ஓடியதையெல்லாம் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்காதே என்றார். இவருக்கும் தலையாட்டினேன். ஒரே நாளில் இரண்டு பேருடைய ரகசியத்தைச் சுமந்த களைப்பில் தூங்கிப்போனேன்.

வீட்டுக்கு வரும்போது ஏழேகால். வாசல் லைட்டைப் போட்டுக்கொண்டு அம்மா நின்றிருந்தாள். கொடுத்தீர்களா என்று அப்பாவைக் கேட்டாள். அவர் ‘ம்’ என்று முத்திரை வாங்கிய சீட்டை நீட்டினார். அம்மா அதைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. என்னை அடுப்படிக்குக் கூட்டிப் போய், மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, “நீ ஞாபகப்படுத்தினியா?” என்றாள்.

கவரைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. சாமி சத்தியமாகப் பேசவில்லை. சமோசாதான் கேட்டேன்.

“இல்லம்மா” என்றேன்.

“நெசமா? அவுராவா?”

“அவராதான் எடுத்தாரு.”

அம்மா என் மோவாயை விடவில்லை. அவள் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை. பிறகு சட்டென்று திரும்பிக் கத்தரிக்காயை எடுத்துச் சுட ஆரம்பித்தாள். அப்பாவுக்குப் பிடித்த கொத்சு ஞாயிற்றுக்கிழமைதான் வரும், அன்றைக்கு வியாழக்கிழமை.

அந்த எவர்சில்வர் டம்ளரில்தான் அதன்பிறகு அப்பாவுக்குக் காப்பி. காப்பியைக் கொடுத்துவிட்டு அம்மா பக்கத்திலேயே நின்று எதையாவது சொல்வாள். அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து ‘ம்’ என்பார். முன்னெல்லாம் அந்த ‘ம்’மைக் கேட்டதும் அடுப்படிக்குத் திரும்பிவிடுவாள். இப்போது, அவருக்கு எல்லாம் காதில் விழுகிறது என்று நம்பி, மேலே பேசிக்கொண்டே போனாள்.

ஒரு மாதம் கழித்து நேர்காணலுக்குக் கடிதம் வந்தது. ஒன்றல்ல, ஒரே ஆளுக்கு இரண்டு எண்களோடு இரண்டு கடிதம். நேரில் போய்க் கொடுத்தால் இப்படித்தான் இரட்டிப்பாக மதிப்பார்கள் என்று அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அம்மா மறுக்கவில்லை. அந்த வருஷமே காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் ஒரு கிராமத்து நூலகத்தில் வேலை கிடைத்து, டவுன் பஸ்ஸில் போய்வர ஆரம்பித்தாள்.

மார்கழியில் பெரிய கோலம் ஒன்றைத் தேடி அம்மாவின் கோல நோட்டைப் புரட்டியபோது, ஒரு பதிவுத் தபால் ரசீது கீழே விழுந்தது. அதே அலுவலக முகவரி. தேதி, நாங்கள் கடலூர் போனதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு. விண்ணப்பம் அப்போதே போய்ச் சேர்ந்திருக்கிறது. அப்படியானால் அன்றைக்கு நான் அழுகையை அடக்கிக்கொண்டு, ஆலப்பாக்கத்தில் இறங்கி ஓடியதெல்லாம் எதற்கு? எனக்கு எரிச்சலாக வந்தது. அம்மாவிடமே கேட்டேன். தபாலில் அனுப்பிவிட்டு, அதையே எதற்கு அப்பாவிடமும் கொடுத்தாய் என்று.

அம்மா ரசீதை என் கையிலிருந்து வாங்கி நான்காக மடித்தாள். “எதுக்கோ ஒண்ணு. அதான் அவுராவே மறக்காம கொடுத்துட்டாருல்ல, வுடு” என்றாள்.

அப்போதாவது நான் சமோசாவைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. தபால் தொலைந்துவிடும் என்று அம்மாவுக்கு ஒரு பயம், அவ்வளவுதான் விஷயம் என்று நானே முடிவு செய்துகொண்டு, கோல நோட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.