நாற்பத்தைந்து நாற்காலிகள்

கல்லூரி மாணவர்களுக்கென்று வருடா வருடம் நடக்கும் கணிதப் போட்டியில் நான் இரண்டு முறை முட்டை வாங்கியவள். முதலாம் ஆண்டில் ஒன்று, இரண்டாம் ஆண்டில் ஒன்று. பூந்தமல்லியைத் தாண்டியிருந்த எங்கள் கல்லூரியிலிருந்து போன அத்தனை பேருக்கும் அதே கதிதான். ஆறு கணக்கு, மூன்று மணி நேரம், கணக்குக்குப் பத்து மதிப்பெண். நிரூபணம் இல்லாத விடைக்கு ஒன்றும் கிடையாது. இயற்பியல் வகுப்புக்காரர்கள் எங்களைக் கோழிப்பண்ணை என்று கூப்பிட்டார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசி ஆண்டான மூன்றாம் ஆண்டில் துறைத்தலைவி மேடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

"இந்த வருஷமும் எல்லாரும் ஜீரோன்னா இதோட நிறுத்திக்கலாம். அடுத்த வருஷத்துலேர்ந்து நம்ம காலேஜ் போகாது."

எனக்கு வெறியே பிடித்துவிட்டது. எத்தனையோ பேர் முட்டை வாங்கியிருக்க, மூடுவிழா மட்டும் என் தலையிலா? ஒரே ஒரு மதிப்பெண் போதும், கல்லூரி பிழைத்துக்கொள்ளும்.

போட்டி ஆவடியில். பெயர் கொடுத்த மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, நானும் கரையான்சாவடியிலிருந்து வரும் என் வகுப்புத் தோழியும்தான் மிஞ்சினோம்.

முதல் கணக்கைப் படித்ததுமே எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு வகுப்பறை. ஒன்பது வரிசை, வரிசைக்கு ஐந்து நாற்காலி, நாற்பத்தைந்திலும் ஆள். மணி அடித்ததும் ஒவ்வொருவரும் முன், பின், இடம், வலம் என்று ஏதாவதொரு பக்கத்து நாற்காலிக்கு மாற வேண்டும். எல்லோரும் மாற முடியுமா?

முக்கால் மணி நேரம் அம்புக்குறி போட்டுப் போட்டுத் தாளைக் கறுப்பாக்கினேன். எப்படிப் போட்டாலும் ஒருவர் நின்றார். எரிச்சலில் ஒன்றுவிட்டு ஒன்றாக நாற்காலிகளைப் பேனாவால் அடைத்தேன். சட்டென்று முதுகு நிமிர்ந்துவிட்டது. அடைத்த நாற்காலியில் இருப்பவர் அடைக்காததற்குத்தானே போக முடியும்? அடைத்தவை இருபத்து மூன்று. அடைக்காதவை இருபத்திரண்டு. இருபத்து மூன்று பேர் இருபத்திரண்டு நாற்காலியில் எப்படி உட்காருவார்கள்? முடியாது! அவ்வளவுதான்! எழுந்து நின்று கத்தலாம் போல இருந்தது. ஐந்து வரியில் எழுதி முடித்தேன்.

அங்கேதான் புத்தி கெட்டுப்போனது. எங்கள் செமஸ்டர் தேர்வில் பத்து மதிப்பெண் என்றால் மூன்று பக்கம். கோடு போட்டு, தலைப்பு வைத்து, தெரிந்ததையெல்லாம் கொட்டினால்தான் திருத்துகிறவருக்கு மனம் இரங்கும். ஐந்து வரியைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருந்தது. எனவே இழுத்தேன். 'இதிலிருந்து, நாற்காலிகள் இரட்டைப்படையில் இருந்தால், எப்படிப் போட்டிருந்தாலும் எல்லோரும் மாற முடியும்' என்று ஒரு முடிவுரை எழுதி, அதன் கீழ் இரண்டு கோடும் போட்டேன். மற்ற ஐந்து கணக்கும் என்னைக் கிட்டவே நெருங்க விடவில்லை.

திரும்பும் பேருந்தில் தோழியிடம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். முடிவுரையைக் கேட்டதும் அவள் முகம் மாறியது.

"இன்னாடி எழுதி வெச்சிக்கீறே? நடுவுல ஒரு சேர் போடு. அதுக்கு மூணு பக்கத்துல மூணு. மொத்தம் நாலு, ரெட்டைப்படைதானே? அந்த மூணு பேரும் எங்க போவாங்க? நடு சேருக்குத்தான். ஒருத்தர் மடிமேல ஒருத்தரா?"

நானாகவே போய் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

"மொத்தத்தையும் அடிச்சிடுவாங்களா?"

"தெர்லடி. எனக்கு எப்டியும் முட்டைதான். உன்கிட்டதான் காலேஜே கீது."

அடுத்த இரண்டு மாதமும் அந்த முடிவுரையை நினைத்து நினைத்து என்னையே திட்டிக்கொண்டேன். ஒருநாள் மேடம் மூன்று வருட மாணவர்களையும் கருத்தரங்கக் கூடத்துக்கு வரச்சொன்னார். கையில் ஒரு தாள். என் பெயரைப் படித்துவிட்டுக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"எட்டு."

அறுபதுக்கு எட்டு! தோழி என் தோளில் அடித்த அடியில் வலி இரண்டு நாள் இருந்தது. நான் கத்தினேனா, அழுதேனா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. கூடமே மேசையைத் தட்டியது. முடிவுரைக்குப் போன இரண்டு மதிப்பெண் போய்த் தொலையட்டும்.

"சரி, அப்போ அடுத்த வருஷமும் போறோம்," என்றார் மேடம். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். "யார் யார் வர்றீங்க?"

முன்வரிசையில் முதலாண்டுப் பிள்ளைகளின் கைகள் மளமளவென்று எழுந்தன. நானும் கையை உயர்த்தினேன், எல்லோரையும்விட உயரமாக.

மேடம் விரல் நீட்டி எண்ணிக்கொண்டே வந்தார். கடைசியாக என்னிடம் வந்து, "பதினொண்ணு," என்றார். ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு குனிந்து, "பத்து," என்று எழுதிக்கொண்டார்.