கிடாவின் சம்மதம்

எனக்குப் பயம் அதிகம், அதைவிட வாய் அதிகம். என் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து கால் உடைந்து படுத்திருந்தபோது இரண்டும் சேர்ந்துகொண்டன. கோலா சாவா பக்கம் நாங்கள் குடியிருக்கும் செம்பனைத் தோட்டத்துக் கோயிலில் நின்று, "முனியாண்டி, இந்த மனுசன் எழுந்து நடக்கட்டும், ஒனக்குக் கிடா வெட்டுறேன்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி வேண்டிக்கொண்டேன். கையோடு ஒரு ஆட்டுக்குட்டியை வாங்கிவந்து வீட்டுக்குப் பின்னால் கட்டினேன்.

அங்கேதான் வந்தது வினை. ஊன்றுகோலோடு வாசலைத் தாண்டமாட்டேன் என்று அடம்பிடித்த மனிதர், குட்டியை மேய்க்கிறேன் என்று செம்பனைக் காட்டுக்குள் போக ஆரம்பித்தார். அது கயிற்றை இழுக்கும், இவர் திட்டிக்கொண்டே பின்னால் போவார். குட்டி கிடாவாக வளர்வதற்குள் ஊன்றுகோல் கதவு மூலைக்குப் போய்விட்டது. மருத்துவமனையில் சொல்லிக்கொடுத்த பயிற்சி எதையும் அவர் ஒழுங்காகச் செய்யவில்லை.

திருவிழா நெருங்க நெருங்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. "இத வெட்டித்தான் ஆகணுமாம்மா? என்னை நடக்க வச்சதே இதுதானே லா" என்றார்.

"நடக்க வச்சது சாமி. வாக்குத் தவறி மறுபடி விழுந்தீங்கன்னா யாரு தூக்குறது? அது அஞ்சறிவு, அதுக்கு என்னா தெரியும்?" என்று ஒரே போடாகப் போட்டேன். போட்டுவிட்டு, கொல்லைக்குப் போய் அதற்குப் பலாத்தழை ஒடித்து வைத்தேன். ஆனால் அவர் கால் எனக்குப் பெரிது.

திருவிழாவன்று மந்தினிலிருந்து என் தம்பி குடும்பத்தோடு வந்து, காலையிலேயே கறிக்கு மசாலா அரைத்துவிட்டான். கிடாவுக்கு மாலை போட்டுச் சாமி முன்னால் நிறுத்தினோம். மஞ்சள் தண்ணீரை அதன் தலையிலும் முதுகிலும் தெளிப்பது எங்கள் வழக்கம். கிடா உடம்பைக் குலுக்கினால் சம்மதம் என்று அர்த்தம். குலுக்காமல் கத்தி இறங்காது.

பூசாரி தெளித்தார். கிடா மாலையிலிருந்து ஒரு சாமந்தியைக் கடித்து மென்றது. மறுபடி தெளித்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்து 'மே' என்றது. செம்பு போய் வாளி வந்தது, உடுக்கைச் சத்தம் வேகமெடுத்தது. ஆறறிவு படைத்த அத்தனை பேரும், ஒரு ஆட்டின் முதுகு சிலிர்க்காதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். எங்கள் பெருமையெல்லாம் அப்போது எங்கே போனதோ! 'குலுக்கிடு, குலுக்கிடு' என்று வேண்டிக்கொண்டிருந்த நான், எந்த இடத்தில் 'குலுக்காதடா ராசா' என்று மாறினேன் என்று எனக்கே தெரியாது.

"தெனம் மோட்டார் கழுவுறப்ப இதையும் சேத்துக் குளிப்பாட்டுனீங்கல்ல அத்தான்! அப்புறம் எப்படிக் குலுக்கும்?" என்று தம்பி கத்தினான்.

"அதெல்லாம் தெரியாது. அது சொன்னது சொன்னதுதான் லா" என்றார் இவர்.

பூசாரி கத்தியைக் கீழே வைத்தார். "பூசணிக்கா ஒடைச்சு வேண்டுதல முடிச்சுக்கம்மா. கிடாவ வீட்டுக்கு ஓட்டிட்டுப் போ."

"இவரு காலுக்கு ஒண்ணும் ஆகாதே, அண்ணே?"

"கேட்டோம், வேணாம்னுச்சு. அதுக்கு மேலயும் வெட்டுனாத்தாம்மா குத்தம்."

அப்பாடா! நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியதில் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. என் வீட்டுக்காரர் கிடாவைக் கட்டிப்பிடித்து வேட்டியெல்லாம் மஞ்சளாக்கிக்கொண்டார்.

தம்பி முணுமுணுத்துக்கொண்டே கடைக்குப் போய்ச் சார்டின் டின்களை அள்ளிவந்தான். ஆட்டுக்கறிக்கு அரைத்த மசாலாவில் மீன் கொதித்தது. என்ன மணம்! எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து ஒரு பிடி பிடித்தோம்.

பாதிச் சாப்பாட்டில் என் வீட்டுக்காரர் இலையிலிருந்த மீனைத் தூக்கிப் பார்த்தார். "ஏம்மா, இதுங்கள யாரும் கேக்கலயே லா?"

பந்தியே விழுந்து விழுந்து சிரித்தது. "பேசாம சாப்பிடுங்க" என்று அதட்டி நானும் சிரித்தேன். தம்பி குழம்புக் கரண்டியோடு என் இலைக்கு வந்தான். நான் கையை நீட்டி இலையை மறைத்துக்கொண்டேன்.

"எனக்குப் போதும்டா. ரசம் இருந்தா ஊத்து."