ஜெர்மன் கார் கொம்பனியில் என்ன வேலை?

ஆட்களை ஏற்றி இறக்குகிற தொழிலில் லைசென்ஸ் எடுப்பது சுலபம். வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் பெரிய பாடு. பஸ், டாக்சி, பள்ளிக்கூட வான் என்று எதையாவது ஓட்டி வயிறு வளர்த்தவர்கள் இதை வாசித்தால் தலையாட்டுவீர்கள்.

தொண்ணூறுகளில் ஐந்து வருடம் ரொறன்ரோவின் வடக்குப் பக்கத்தில், ஜெர்மன் கார் விற்கிற ஒரு பெரிய கடையில் நான் வான் ஓட்டினேன். காரைச் சேர்விசுக்கு விட்டுவிட்டு நிற்கிறவர்களை வீட்டிலோ வேலை செய்கிற கந்தோரிலோ கொண்டுபோய் விடவேண்டும். பின்னேரம் போய்க் கூட்டிவரவேண்டும். காரின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. மூக்கில் அந்தச் சின்னத்தோடு ஒரு கார் எங்கள் ஆட்கள் இருக்கிற அடுக்குமாடிக்குக் கீழே வந்து நின்றால் மூன்று மாடி யன்னல்கள் திறந்த காலம் அது.

ஜெர்மனியில் இருந்த தகுதி

கனடாவுக்கு வருமுன் பதினொரு மாதம் ஜெர்மனியில் அகதி முகாமில் கிடந்தேன். வேலைக்கு விண்ணப்பம் நிரப்பும்போது, முன்பு வசித்த நாடு என்ற இடத்தில் அதை எழுதினேன். சேர்விஸ் மனேஜர் சிவத்த முகமும் வெள்ளை மீசையுமான ஒரு மனிதர். அந்த வரியைக் கண்டதும் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஜெர்மனியில் நான் ஓட்டியது முகாம் சமையலறையின் தள்ளுவண்டி. காரில் ஏறியது ஒரே ஒரு தடவை, அதுவும் பொலிஸ் கார். அது என்ன கார் என்று பார்க்கிற நிலையில் அப்போது நான் இல்லை. இதையெல்லாம் எந்த ஆங்கிலத்தில் சொல்வது என்று நான் யோசித்து முடிக்குமுன் மனேஜர் எழுந்து கைகொடுத்துவிட்டார். “இந்தக் கார்களைப் பற்றி உனக்கு நான் ஒன்றும் சொல்லித்தரத் தேவையில்லை.”

மாமாவின் முடிவு

அடுத்த வருடம் சென்னையில் எனக்குக் கல்யாணம் நடந்தது. பெண் கலா, தகப்பனோடு கொழும்பிலிருந்து வந்திருந்தாள். நான் கனடாவிலிருந்து போனேன். பன்னிரண்டு நாள் சேர்ந்து இருந்துவிட்டு, அவர்கள் கொழும்புக்கும் நான் ரொறன்ரோவுக்கும் திரும்புவது, பிறகு நான் ஸ்பொன்சர் செய்து அவளைக் கூப்பிடுவது என்று ஏற்பாடு.

கலாவின் தகப்பன், என் மாமா, ஓய்வுபெற்ற தபால் அதிபர். தாலி கட்டுவதற்கு முதல்நாள் எனக்கு எங்கே வேலை என்று கேட்டார். “ஜெர்மன் கார் கொம்பனியிலை” என்றேன். ஊரில் நான் பொலிரெக்னிக்கில் ஒரு வருடம் படித்தது அவருக்குத் தெரியும். “எஞ்சினியரோ?” என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறக்குமுன் தானே தலையையும் ஆட்டிக்கொண்டார். கலா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் மறுக்கவில்லை. யாரும் என் தொண்டையைப் பிடிக்கவில்லை, நானாகத்தான் பேசாமல் இருந்தேன். மாமா அறைக்குள் இருந்த சொந்தக்காரர்களைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “ஜெர்மன்காரன் கண்டவனையும் வேலைக்கு எடுக்கமாட்டான்.”

திங்கட்கிழமைக் குரல்

ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ற் அறையில் இருந்தேன். அறையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். நான் வரும்போது அவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். அவர்கள் வரும்போது நான் போயிருப்பேன். கொடியில் தொங்கிய அவர்களுடைய சேட்டுகளோடு எனக்கு இருந்த பழக்கம் அவர்களோடு இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் வானின் சாவியைக் கொடுத்தால் திங்கட்கிழமை காலைவரை பேச ஆள் கிடையாது.

ஞாயிறு காலை மட்டும் ரெலிபோன் கார்டில் கொழும்பு வெள்ளவத்தைக்கு எடுப்பேன். கலாவும் மாமாவும் விசாவுக்காக அங்கே ஒரு லொட்ஜில் காத்திருந்தார்கள். முதலில் மாமா எடுத்து, கொம்பனியின் சரித்திரத்தைக் கேட்பார். எங்கள் கடைச் சுவரில் ஒரு நீளப் பலகையில் அது எழுதியிருந்தது. தகரக் கொட்டிலில் தொடங்கியது, முதல் எஞ்சின், பந்தயத்தில் வென்ற கோப்பைகள். பாடமாக்கிக்கொண்டுபோய் ஒப்புவிப்பேன். அவர் அதை லொட்ஜ் முழுக்கப் பரப்புவார். பிறகு கலா வருவாள். பன்னிரண்டு நாள் பழகிய பெண்ணோடு என்ன பேசுவது? அந்தக் கிழமை கஸ்ரமர்கள் சொன்ன கதைகளைச் சொல்வேன். “பிறகு?” என்பாள். அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் ஐந்து நாளும் வான் ஓட்டினேன் என்று சொன்னால் மிகையில்லை.

திங்கட்கிழமை காலை வரவேற்பு மேசைப் பெண்ணுக்கு வணக்கம் சொன்னால் குரல் கரகரத்துக்கொண்டு வரும். ஒருநாள் அவள் சிரித்துக்கொண்டு கேட்டாள்: “ஒவ்வொரு திங்களும் உனக்குத் தொண்டை கட்டியிருக்கிறதே, சனி ஞாயிறில் அவ்வளவு பாட்டா?”

மோகன் கேட்ட கேள்வி

எங்கள் கடையில் கார் கழுவியவர் மோகன், கயானாக்காரர். தன் மனைவியை ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டவர். மத்தியானம் சாப்பிடும்போது மனைவிக்கு நடந்த விசா இன்ரவியூவைப் பற்றிச் சொன்னார். மனைவியைத் தனியாக வைத்து, புருசனுக்கு என்ன வேலை, எத்தனை மணிக்குப் போவார் என்றெல்லாம் கேட்பார்களாம். புருசன் நிரப்பிய படிவத்தோடு அது பொருந்தாவிட்டால் பொய்க் கல்யாணம் என்று முடிவுகட்டிவிடுவார்கள். பிறகு வருடக்கணக்காக இழுபட வேண்டியதுதான்.

நான் சாப்பாட்டுப் பெட்டியை மூடினேன். படிவத்தோடு நான் அனுப்பியிருந்த கடைக் கடிதத்தில் “வான் சாரதி” என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கலாவின் மனதில் இருந்தது எஞ்சினியர். அவள் வாயைத் திறந்து அதைச் சொன்னால் அவள் லொட்ஜிலும் நான் பேஸ்மென்றிலுமாகக் கிழடாக வேண்டியதுதான். மோகன் கோழிக்காலைக் கடித்துக்கொண்டு கேட்டார்: “உன் பெண்சாதி சரியாகச் சொல்லுவாள்தானே?”

சந்தியில் இறங்கியவர்

யூனியன்விலில் பெரிய வீடு வாங்கியிருந்த ஒரு தமிழர் எங்களிடம் வருவார். பழைய ஜெர்மன் கார் ஒன்றை எங்கேயோ வாங்கி வைத்திருந்தார். அதில் மாதம் ஒரு சத்தம் புதிதாகக் கேட்கும். வானில் ஏறினால் ஆங்கிலத்தில்தான் விலாசம் சொல்வார். என் முகத்தைப் பார்த்தும், கண்ணாடிக்குப் பக்கத்தில் தொங்கிய பிள்ளையாரைப் பார்த்தும் ஆங்கிலம்தான். தமிழில் இரண்டு சொல் கேட்க மாட்டோமா என்று நான் தவித்துக்கொண்டிருந்த காலம். அவரோ யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவார்.

ஒருநாள் தமிழ்க் கடைகள் இருக்கிற தெருவால் போகவேண்டி வந்தது. கடை வாசலில் நாலைந்து பேர் நின்றார்கள். மனிதர் சீட்டில் சறுக்கிக் கீழே போனார். கடைகள் தாண்டியதும் நிமிர்ந்து, இத்தனை நாளும் ஒளித்து வைத்திருந்த தமிழை எடுத்தார். வீட்டு வாசலுக்கு வேண்டாம், சந்தியில் இறக்கினால் போதும் என்றார். “தம்பி, கார் திருத்தக் கராச்சிலை நிக்குது எண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்.”

அடுத்த ஞாயிறு

உண்மையைச் சொல்லிவிடுவது என்று எழும்பினேன். மாமா சரித்திரம் கேட்டு முடித்துக் கலாவிடம் கொடுத்தார். ஆனால் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. லொட்ஜில் ரெலிபோன் நடைபாதையில் இருந்தது.

“கலா, என்ரை வேலையைப் பற்றி ஒரு கதை...” என்று தொடங்கினேன். “சொல்லுங்கோ” என்றாள். பின்னால் மாமா யாருக்கோ முதல் எஞ்சினைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தது கேட்டது. கதையை மாற்றினேன். எங்களிடம் வருகிற ஒருவர் சந்தியில் இறங்கிய கதையைச் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கார்ட் முடிந்தது. நான் கோழை என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன், நீங்கள் சொல்லத் தேவையில்லை. கார்ட் முடியுமுன் சிரிப்புக்கு நடுவில் மாமாவின் குரல் கேட்டது: “பிள்ளை, தம்பியிட்டைக் கேள், இப்ப என்ன மொடல் செய்யினமாம் எண்டு.”

பலகையில் இல்லாத வருடங்கள்

எழுபது வயது தாண்டிய ஒரு அம்மா கடைக்கு டாக்சியில் வந்தார். கணவர் இறந்துபோய், அவருடைய காரை எங்கள் கடைக்கே திருப்பி விற்கக் கையெழுத்துப் போட வந்தவர். வேலை முடிந்ததும் வீட்டில் விடச் சொன்னார்கள். வானுக்கு வெளியே நின்று, இதுவும் அந்த நாட்டில் செய்ததா என்று கேட்டார். இல்லை, இங்கே செய்தது என்றேன். அதன் பிறகுதான் ஏறினார்.

வழியில் அவர்தான் பேசினார். பிறந்தது போலந்தில், யூதக் குடும்பம். போர்க்காலத்தில் ஜெர்மன் படை தன் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போன லொறியின் மூக்கில் என்ன சின்னம் இருந்தது என்று அவருக்கு ஞாபகம் இருந்தது. கணவரும் அங்கிருந்து தப்பி வந்தவர்தான், ஆனால் கார் என்றால் வெறும் கார் என்பாராம். இருபது வருடம் அவர் காரில் போனார், இவர் பஸ்ஸில் போனார். ஒரே கல்யாண வீட்டுக்கும் அப்படித்தான். “உங்கள் பலகையை வாசித்தேன்” என்றார். “முப்பதுகளில் ஒரு கோப்பை. அடுத்த வரி ஐம்பதுகளில் புது மொடல்.”

கிழமைக்குக் கிழமை ஒப்புவித்த எனக்கு அந்த இடைவெளி கண்ணில் படவே இல்லை. பலகையில் பொய் ஒன்றும் இல்லை, சொல்லாமல் விட்டிருந்தார்கள். மாமாவுக்கு நான் செய்ததும் அதுதானே என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. அன்றைக்கே கலாவுக்கு எல்லாவற்றையும் எழுதித் தபாலில் போட்டேன். இன்ரவியூவுக்கு மூன்று கிழமை இருந்தது, கடிதம் போய்ச் சேருமோ தெரியாது. ஞாயிறு போனில் வழக்கம்போல இந்த அம்மாவின் கதையை மட்டும் சொன்னேன். அன்று தன் வீட்டு வாசலில் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு அவர் சொன்னது இதுதான்: “கார் நல்ல கார். என் கணவர் சொன்னது சரி. நான் ஏறுவதில்லை, அவ்வளவுதான்.”

ஒஷாவா வரை

இன்ரவியூ நாள் விடிந்தது. கொழும்பில் அது முடிந்திருக்க வேண்டிய நேரம். லொட்ஜுக்கு எடுத்தேன், இன்னும் திரும்பி வரவில்லை என்றார்கள். கடைக்குப் போனால், முக்கியமான கஸ்ரமர், ஒஷாவா வரை கொண்டுபோய் விடு என்று மனேஜர் சொல்லிவிட்டார்.

நல்ல கோட் போட்ட மனிதர், பத்திரிகையை விரித்துக்கொண்டு பின்னால் இருந்தார். இன்றைக்கு என் மனைவிக்கு இன்ரவியூ என்று யாரிடமாவது ஒரு வசனம் சொன்னால் போதும், பதில்கூட வேண்டாம் என்றிருந்தது. இரண்டு தடவை கண்ணாடியில் பார்த்து வாயைத் திறந்தேன். முதல் தடவை அவர் பக்கத்தைத் திருப்பினார். இரண்டாம் தடவை நித்திரையாகிவிட்டார். ஒரு மணித்தியாலம் அப்படியே ஓட்டினேன். இறங்கும்போது தோளில் தட்டினார். “இவ்வளவு நாளில் நீதான் ஆகச் சிறந்த டிரைவர். ஒரு சொல்கூடப் பேசவில்லை.”

விமான நிலையம்

விசா கிடைத்துவிட்டது. அன்று இரவு மாமா ரெலிபோனில் போட்ட சத்தத்தில் என் காது அடைத்தது. கடிதம் வந்ததா, கலா என்ன சொன்னாள் என்று அவர் முன்னால் கேட்க முடியவில்லை. அவள் வந்து இறங்கும்வரை மூன்று மாதம் அது தெரியாமலே கழிந்தது. அவள் வருகிற அன்று மனேஜர் வானைத் தந்தார். பெட்டிகளை ஏற்றினேன். பின்கதவைத் திறந்துவிட்டேன், பழக்கதோசம். அவள் அதைச் சாத்திவிட்டு முன்னால் வந்து ஏறினாள்.

பெருந்தெருவில் ஏறியதும் கேட்டேன்: “கடிதம் கிடைச்சதோ?”

“இன்ரவியூ முடிஞ்சு நாலாம் நாள்தான் வந்தது.”

“பின்னை என்ன சொன்னனீர்?”

“மனுசன் என்ன வேலை செய்யிறார் எண்டு அந்த வெள்ளைக்காரி கேட்டவ. கார் திருத்தக் குடுத்த ஆக்களை வானிலை கொண்டுபோய் விடுறவர் எண்டன்.”

“உமக்கு ஆர் சொன்னது?”

“நீங்கள்தான். ஒருத்தர் சந்தியிலை இறங்கினவர், ஒரு அம்மா வாசலிலை நிண்டு சொன்னவ. எல்லாரும் எங்கையோ போய்க்கொண்டுதான் உங்களோடை கதைச்சிருக்கினம். எஞ்சினியர் எண்டால் நாலு பேர் நாலு விசயம் கேட்டிருப்பினம். ஒருத்தரும் உங்களை ஒண்டும் கேட்டதா நீங்கள் ஒருநாளும் சொல்லேல்லை.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒளிக்கவில்லை, வானை ஓரமாக நிறுத்தினேன். மாமாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். “சொல்லேல்லை. லொட்ஜிலை புதுசா வந்த ஆக்களுக்கு உங்கடை கொம்பனிக் கதை சொல்லிக்கொண்டு சந்தோசமா இருக்கிறார்” என்றாள். நான் மூக்கைத் துடைத்து வானை எடுத்தேன். அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். “நாள் முழுக்க இப்பிடி இருந்து ஓட்ட உங்களுக்கு நாரி முதுகெல்லாம் நோகிறேல்லையோ?”

ஜெர்மன் பெயரை நம்பிக் கார் வாங்கியவர் எவரும் ஏமாந்ததில்லை என்று எங்கள் கடையில் பெருமையடிப்பார்கள். அதே பெயரை நம்பி மாப்பிள்ளை எடுத்த என் மாமாவும் தான் ஏமாந்ததாக இன்றுவரை சொல்லவில்லை.