சிவப்பு எல்லைக்கு மேலே

ஆரணியில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் அறுவை மருத்துவர்கள் இரண்டு பேர்: நானும், என்னோடு கல்லூரியில் படித்த நண்பனும். முற்றிய கேஸ் வந்தால் அவன் என்னைத்தான் கூப்பிடுவான். "உனக்குத்தான் கை நிதானம். நீயே பாத்துக்கோ." எனக்கு அதில் பெருமைதான். குடலில் ஓட்டை விழுந்து நாள் கடத்தி வருகிறவர்கள், சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டுப்போன பெரியவர்கள், எல்லாரையும் எடுத்துக்கொண்டேன். சிலர் பிழைக்கவில்லை.

பிறகு, அறுவைக்குப் பின் நேரும் இறப்புகளை மருத்துவர் வாரியாக வரைபடம் போட நிர்வாகம் முடிவு செய்தது. பொறுப்பு அவனுக்கு.

"எந்த நிலைமைல வந்தாங்கன்னு சேர்க்காம போட்டா தப்பாயிடும்," என்றேன்.

"அது எனக்குத் தெரியாதா? சேர்த்துதான் போடுவேன்."

கூட்டத்தில் திரையில் என் கோடு, அபாய அளவாகக் குறித்திருந்த சிவப்பு எல்லைக்கு மேலே நின்றது. அவனுடையது கீழேயே ஓடியது. சாதாரணக் குடலிறக்கத்துக்கு வந்த இளைஞனும், உயிர் ஊசலாட வந்த கிழவரும் அந்தக் கணக்கில் ஒன்றுதான்.

"ஏன் சேர்க்கல?"

"அதெல்லாம் சேர்த்தா யாருக்கும் புரியாது. பேஜாரு."

"செத்துப்போனவங்கள்ல பாதிப் பேர நீதானே எங்கிட்ட அனுப்புன?"

அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவசர அறுவைகளைக் கொஞ்ச காலம் நான் செய்ய வேண்டாம் என்றார் இயக்குநர்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், விசைத்தறியில் வேலை செய்யும் பெண் ஒருத்தியைத் தூக்கி வந்தார்கள். குடல் ஓட்டை, கட்டுக்கடங்காத சர்க்கரை. வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வேலூருக்குக் கொண்டுபோங்க," என்றான் அவன். தன் கோடு ஏறிவிடுமே என்ற பயம்.

அவளுடைய மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "காலைலேர்ந்து துடிச்சுகினு கெடக்குதுங்க. நீங்க பாக்கக் கூடாதா டாக்டரம்மா?"

ஆம்புலன்ஸில் நானும் ஏறினேன். கண்ணமங்கலம் தாண்டும்போது ரத்த அழுத்தம் விழுந்தது. மருந்து ஏற்றி, நாடியை விடாமல் பிடித்தபடி போனேன். வேலூரில் அறுவை செய்தார்கள். பிழைத்துக்கொண்டாள்.

திரும்பியதும், நோயாளிகளின் ஆபத்தைச் சேர்த்துக் கணக்கை மறுபடி போடாவிட்டால் விலகுவதாக இயக்குநரிடம் சொன்னேன். வெளியிலிருந்து ஒரு புள்ளியியல் நிபுணரை வரவழைத்தார். என் கோடு எல்லைக்குள் இறங்கியது. ஆபத்து குறைந்த நோயாளிகளையே எடுத்தும் இறப்புகள் இருந்ததால் நண்பனுடையது உயர்ந்தது. இயக்குநர் வருத்தம் தெரிவித்து, அவசர அறுவைகளை மறுபடி என்னிடம் கொடுத்தார்.

போன வாரம் அவனிடமிருந்து நர்ஸ் வந்தாள். "ஒரு சீரியஸ் கேஸ்ங்க மேடம். சார் உங்களையே பாத்துக்கச் சொன்னாரு."

நோயாளியைப் பார்க்கப் போனேன். அவனுக்குப் பதில் எதுவும் சொல்லி அனுப்பவில்லை.